அவதியை எழுதும் தம்பிக்கு



வெனிஸ் போய்ச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். வேறோர் ஊரில் இறக்கிவிட்ட மலிவு விமானம், தீவில் இல்லாத விடுதி, கண்டுபிடிக்க முடியாத முகவரி, படகில் கட்டிய அபராதம், காணாமற்போன பணப்பை. ஒரே நாளில் இத்தனையும் நடந்தால் எழுதத்தான் தோன்றும். சிரிக்கவும் வைத்திருக்கிறாய். ஆனால் கடைசி வரி வரைக்கும் உன்னைப் பற்றித்தான் தெரிந்துகொண்டேன், வெனிஸைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பயண எழுத்தைத் தொழிலாக எடுக்கப் போகிறாய் என்பதால் இதைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன். முதுகுப் பையோடு கிளம்பும் மற்றவர்களும் படிக்கட்டும்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள். வெளியூரில் நாம் படும் அவதி பெரும்பாலும் அந்த ஊரின் ஏதோ ஓர் ஏற்பாட்டில் போய் முட்டிக்கொண்டதால் வருவது. வலித்த கதை எல்லோரிடமும் இருக்கிறது. எதில் முட்டினோம் என்று விசாரித்து எழுதுவதுதான் உன் வேலை.

விமானத்திலிருந்து தொடங்கு. டிக்கெட்டில் வெனிஸ் என்று இருந்தது, இறங்கியது த்ரெவீசோவில். அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். பெரிய நகரத்தின் பெயரைச் சொல்லித் தள்ளியிருக்கும் நிலையத்தில் இறக்குவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். பாரிஸ் என்று சொல்லி போவேயில் இறக்குவார்கள். பிராங்க்பர்ட் என்று சொல்லி 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹானில் இறக்குவார்கள். அங்கெல்லாம் நிலையக் கட்டணம் குறைவு. நெரிசல் இல்லாததால் விமானத்தை உடனே திருப்பி அனுப்பலாம். உன் டிக்கெட் ஏன் மலிவு என்பதற்கு இதுதான் காரணம். பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்துப் போகிறவனுக்காவது உதவும்.

விடுதி மெஸ்த்ரேயில் அமைந்ததற்கும் அதே புலம்பல். கரையிலிருக்கும் மெஸ்த்ரே 1926 முதல் வெனிஸ் மாநகராட்சியைச் சேர்ந்தது. பழைய தீவு நகரத்தில் 1951இல் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். இன்று 50,000 பேர்கூட இல்லை. வாடகை கட்டுப்படியாகாமலும் வெள்ளத்துக்கு அலுத்தும் கரைக்கு வந்தவர்கள் ஏராளம். காலை ரயிலில் உன்னோடு நின்றுகொண்டு வந்தவர்களில் பலர் தீவில் பாத்திரம் கழுவவும் படுக்கை விரிக்கவும் போகிறவர்களாக இருந்திருப்பார்கள். மெஸ்த்ரே ரயிலடியை ஒட்டிய தெருக்களில் வங்கதேசத்தவரின் கடைகள் இருக்கின்றன. சோறு கிடைக்காமல் நாக்குச் செத்துப்போய் அலைந்ததாக எழுதியிருக்கிறாய்; அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறாய்.

காஸ்தெல்லோ பேட்டையில் சாப்பாட்டுக் கடை தேடிய பகுதிதான் கட்டுரையில் உயிருள்ளது. அங்கே இன்னும் நின்றிருக்க வேண்டும். கையிலிருந்த முகவரியில் தெருப் பெயரே இல்லை. பேட்டையின் பெயரும் நான்கு இலக்க எண்ணும் மட்டும். வெனிஸில் பேட்டைகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றில் தொடங்கும் ஒரே எண்வரிசை. தெரு மாறினாலும் எண் விடாமல் ஓடும், காஸ்தெல்லோவில் ஆறாயிரத்தைத் தாண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய ஆட்சி விட்டுப்போன ஏற்பாடு இது. தெருப் பெயர் தெரிந்தாலும் முழுதாகக் கைகொடுக்காது, ஒரே பெயரில் பல பேட்டைகளில் சந்துகள் உண்டு. உயரமான சுவர்களுக்கு நடுவே கைப்பேசி வரைபடமும் தடுமாறும். அது காட்டிய சந்து தண்ணீரில் போய் முடிந்ததும் நீ நின்று திட்டியிருக்கிறாய். அந்தக் கடைசிப் படியில் பாசி இருந்ததா? படகு கட்டும் கம்பம் இருந்ததா? வெனிஸில் பல வீடுகளுக்குத் தலைவாசல் தண்ணீர்ப் பக்கம்தான். சரக்கும் ஆளும் அங்கேதான் வந்து இறங்குவார்கள். நீ முட்டுச்சந்து என்று எழுதிய இடம் ஒரு படித்துறையாக இருந்திருக்கலாம். தபால்காரர் எப்படி வீடு கண்டுபிடிக்கிறார் என்று யாரிடமாவது கேட்டிருந்தால் அதுவே ஒரு கட்டுரை.

படகு அபராதத்தை இரண்டு பத்திக்கு நீட்டாதே. சீட்டு வாங்கினால் போதாது, ஏறும்முன் கருவியில் காட்டிப் பதிய வேண்டும் என்பது விதி. அதைவிடச் சொல்ல வேண்டியது, 75 நிமிடச் சீட்டுக்கு நீ 9.50 யூரோ கொடுத்தபோது உள்ளூர் அட்டை வைத்திருப்பவர் அதே படகில் 1.50 யூரோவுக்குப் போகிறார் என்பது. 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து போகும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணமும் வாங்கத் தொடங்கினார்கள். 2019 ஜூலையில் ரியால்தோ பாலத்தடியில் அடுப்பு மூட்டிக் காபி போட்ட இரண்டு ஜெர்மன் பயணிகளுக்கு 950 யூரோ அபராதம் போட்டு, ஊரைவிட்டே போகச் சொன்னார்கள். நமக்குச் சிக்கனமாகத் தெரிவது, தன் வாசற்படியில் தினமும் அந்நியர்கள் சாப்பிடுவதைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு பக்கமும் உன் எழுத்தில் வர வேண்டும்.

பணப்பை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். எடுத்தவனை நீ பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவரின் நிறத்தையும் நாட்டையும் எழுதி, ‘பார்த்தாலே தெரிந்தது’ என்று முடித்திருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. பார்க்காததை எழுதாதே.

விட்டுப்போன ஒன்றும் இருக்கிறது. ஐரோப்பியப் பையன் பையைத் தூக்கிக்கொண்டு நினைத்த ஊரில் இறங்கிவிடலாம். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் காட்டித்தானே ஷெங்கன் விசா வாங்கினாய்? உன் பயணம் விசா மையத்து வரிசையில் தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரப் பயணியின் துள்ளலை இரவல் வாங்கியதால்தான் அந்த விசா ஆவணங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை.

இனிச் சில பழக்கங்கள். சீட்டு, ரசீது எதையும் எறியாதே. அன்றைய குறிப்பை அன்றிரவே எழுது. விலையை எழுது, கோபத்தை மறுநாள் எழுது. வழி தவறிய இடத்துக்கு அடுத்த நாள் வெளிச்சத்தில் திரும்பப் போய்ப் பார். ஏ.கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகளை எடுத்துப் படி. அவ்வளவு ஊர் சுற்றிய மனிதர் தன்னை எத்தனை அரிதாக முன்னே நிறுத்துகிறார் என்று கவனி.

கட்டுரையைத் திருத்தாதே, புதிதாக எழுது. வெனிஸுக்கு ஒருநாளும் போக வாய்ப்பில்லாத ஒருவர் படித்து முடித்ததும், அங்கே குடியிருப்பவர் காய்கறிப் பையோடு எப்படி வீடு போய்ச் சேர்கிறார் என்று சொல்லத் தெரிந்தால் அனுப்பு, போடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்