உயரத்தைக் கடைசியாகக் கேள்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
சித்திரை மாதம்

அன்பு மகள் துளசிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வான் வாங்கிய செய்தியும் படங்களும் கிடைத்தன. 2021 ஃபோர்ட் டிரான்சிட் 250, நான்கு சில்லுகளும் இழுக்கும் வகை, உயரக் கூரை. நல்ல தெரிவு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கல்கரியில் நீயும் சிநேகிதியும் சேர்ந்து செய்யப்போகிறீர்கள் என்று உன் அப்பா சொன்னான். அது இன்னும் நல்லது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: பெரிய டயர் போட வேண்டும், இரண்டு அங்குல லிஃப்ட் வாங்கவா, மூன்று அங்குலமா? இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தொலைபேசியில் இதைச் சொன்னால் "ஓம் பெரியப்பா, ஓம் பெரியப்பா" என்றுவிட்டு நினைத்ததைத்தான் செய்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கராஜுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது உயரம். விற்கிறவர்களும் அதையே முதலில் விற்கிறார்கள். பெட்டியின் மேல் அங்குலக் கணக்கு அச்சிட்டிருக்கும், படத்தில் வான் நிமிர்ந்து நிற்கும், விலை சொல்வதும் சுலபம். வேலையின் ஒழுங்கு இதற்கு நேர்மாறு. போகும் பாதை டயரைத் தீர்மானிக்கும். ஏற்றும் பாரம் ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கும். இரண்டும் முடிந்த பிறகு, அந்த டயர் எங்கும் தட்டாமல் சுழல எவ்வளவு இடம் குறைகிறதோ அவ்வளவுதான் லிஃப்ட். உயரம் கணக்கின் விடை. நீ அதையே கேள்வியாக வைத்துத் தொடங்கியிருக்கிறாய்.

பாதையைப் பார்ப்போம். கோடையில் யூக்கொன் போய் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஓட வேண்டும் என்கிறாய். டோசன் சிட்டிக்குப் பக்கத்தில் தொடங்கி இனுவிக் வரை ஏறத்தாழ 740 கிலோமீற்றர் கிறவல் தெரு, 1979இல் திறந்தது. 2017இல் இனுவிக்கிலிருந்து துக்தொயாக்துக் வரை புதிய பாதை திறந்தபின் ஆர்க்டிக் கடற்கரை மட்டும் சில்லிலேயே போகலாம். பாறை மேல் ஏறி இறங்குகிற பாதை இல்லை அது. சாதாரணக் கார்களும் போய் வருகின்றன. அங்கே ஆட்களை நடுவழியில் நிறுத்துவது கல். ஷேல் என்கிற கூரான தகட்டுக் கல் டயரை வெட்டிவிடும். தொடக்கத்திலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் வரும்வரை, ஏறத்தாழ 370 கிலோமீற்றருக்கு, எரிபொருள் நிலையம் கிடையாது. இதற்கு வேண்டியது தடித்த பக்கச்சுவருள்ள ஓல்-டெரெய்ன் டயர், ஒழுங்கான மேலதிகச் சில்லு, வேகத்தைக் குறைக்கிற மனம். மூன்று அங்குல உயரம் அந்தக் கல்லுக்கு ஒரு பொருட்டே இல்லை.

குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு பிரிட்டிஷ் கொலம்பியாப் பக்கம் போவாய். அங்கே மலைப்பாதைகள் பெரும்பாலானவற்றில் ஒக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம். வாங்கும் டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் பொறித்த அடையாளம் இருக்கிறதா என்று பார். ஓல்-டெரெய்ன் டயர்களில் பலவற்றில் அது உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

இனி அளவு. உன் வானில் இப்போது இருப்பது 235/65ஆர்16சி. 235 என்பது அகலம், மில்லிமீற்றரில். அதில் 65 வீதம் பக்கச்சுவரின் உயரம், 153 மில்லிமீற்றர். மேலும் கீழும் இரண்டு சுவர், நடுவில் 16 அங்குல ரிம். கூட்டினால் டயரின் விட்டம் 712 மில்லிமீற்றர். நீ ஆசைப்படுகிற 245/75ஆர்16 அதே கணக்கில் 774. வித்தியாசம் 62. ஆனால் வான் உயர்வது அதில் பாதி, 31 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

இந்த 31 மில்லிமீற்றரைச் சாதாரணமாக எண்ணாதே. பின் அச்சின் நடுவில் தொங்குகிற டிஃபரென்ஷியல்தான் கல்லில் முதலில் இடிக்கிற பாகங்களில் ஒன்று. அதை நிலத்திலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே. எத்தனை அங்குல லிஃப்ட் போட்டாலும் உடல்தான் மேலே போகும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

டயர் பெருத்தால் வேறு சிலவும் மாறும். மீற்றர் 100 காட்டும்போது நீ உண்மையில் 109க்குக் கிட்ட ஓடிக்கொண்டிருப்பாய்; வானின் கணினியில் புதிய சுற்றளவைப் பதிய வேண்டும். இழுவை அதே அளவுக்குக் குறையும், மலை ஏறும்போது தெரியும். பிரேக்குக்கும் வேலை கூடும். எல்லாவற்றிலும் முக்கியமானது பாரக் குறியீடு. உன் பழைய டயரில் 121/119 என்று இருக்கும். 121 என்றால் ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும். 245/75ஆர்16 அளவில் எல்டி எனப்படும் இலகு லொறி டயர்களில் வழமையாக இருப்பது 120/116. 120 என்றால் 1,400 கிலோ. பார்க்கப் பெரிதாக இருக்கிற டயர் தாங்குவது குறைவு! எனவே கடையில் முதலில் வாசிக்க வேண்டியது இந்த இலக்கத்தை. எல்டி டயருக்குக் காற்றின் அளவும் வேறு. கதவுத்தூண் ஒட்டியில் உள்ளது பழைய டயருக்கான அளவு, புதியதற்கு டயர் நிறுவனத்தின் பார அட்டவணையைப் பார்.

"உயர்த்தினால் உரசாது" என்று ஒரு கடையில் சொன்னார்கள் என்றாயே, அது பாதி உண்மை. லிஃப்ட் தருவது மேல்பக்க இடம். சில்லைத் திருப்பும்போது டயர் போய் முட்டுவது முன்னும் பின்னும், சில்லுக்கூட்டின் ஓரத்தில். அந்த இடம் லிஃப்ட்டால் அதிகம் கூடாது. இதற்கு ஃபோர்ட் நிறுவனமே சாட்சி. 2023இல் டிரான்சிட் டிரெயில் என்று ஒரு வானைக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலையிலேயே 3.5 அங்குலம் உயர்த்தி, சில்லுகளை 2.75 அங்குலம் அகட்டி, 30.5 அங்குல டயர் பூட்டியிருந்தார்கள். நீ கேட்கிற அதே விட்டம். திருப்பும்போது முன் டயர் சில்லு வளைவில் உரசக்கூடும் என்று பிறகு அந்த வான்களை அவர்களே திரும்ப அழைத்தார்கள். ஆகவே எந்த டயரானாலும் காசு கொடுக்கும் முன் ஒரு சில்லைப் பூட்டி, முழுதாக இடமும் வலமும் திருப்பி, பின்னோக்கி ஓட்டியும் பார்க்கச் சொல்.

அடுத்தது பாரம். வெறும் வானைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். அது பிழையில்லை. சாமான் ஏற்றும்போது பின்பக்கம் இறங்கி மட்டத்துக்கு வரட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். இப்போதே முன்பக்கத்தைத் தூக்கி மட்டமாக்கினால், கட்டிலும் பற்றரியும் தண்ணீரும் ஏறிய பிறகு வான் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். விளக்கு எதிரே வருகிறவனின் கண்ணில் அடிக்கும், ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். மாட்டு வண்டியில் முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் கூடினால் நுகமே மேலே எழும்பும். ஏற்றி முடித்துத்தான் வண்டிக்காரன் மட்டம் பார்ப்பான். நீயும் அப்படியே பார்.

அதனால் உள்வேலை முடியும்வரை லெவலிங் பக்கம் போகாதே. முடிந்ததும் தொட்டியை நிரப்பி (100 லீற்றர் என்றால் 100 கிலோ), உடுப்பு, சாப்பாட்டுச் சாமான், சைக்கிள் எல்லாம் ஏற்றி, இருவரும் ஏறி இருந்து, பார லொறிகள் தரிக்கிற நிலையத்து எடைத்தட்டில் வானை நிறுத்து. முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாகச் சீட்டு தருவார்கள். அதைக் கதவுத்தூண் ஒட்டியில் இருக்கும் அனுமதி எடைகளோடு ஒப்பிட்டுப் பார். 250 ரகத்தில் மொத்த எடை பெரும்பாலும் 9,070 இறாத்தல், ஏறத்தாழ 4,114 கிலோ. ஒன்றை மறவாதே: எந்த ஸ்பிரிங்கும், எந்தக் காற்றுப்பையும், எந்த லிஃப்ட்டும் அந்த ஒட்டியின் இலக்கத்தைக் கூட்டாது. கூடிவிட்டால் சாமானைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

ஒருபக்கச் சரிவையும் அப்போதே பார்த்துக்கொள். அடுப்பு, தண்ணீர், பற்றரி மூன்றையும் ஒரே பக்கம் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்க ஸ்பிரிங்குக்குத் தகடு சேர்க்க ஓடுகிறவர்கள் பலர். நீ இன்னும் பலகை அறுக்கவில்லை. பற்றரியை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிக் கீறினால் காசு ஒன்றும் செலவில்லை.

இனி இரும்பு வேலை. உன் வானின் முன்பக்கம் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் சொக்கும் ஒரே தூணாக நிற்கும். மலிவான வழி, தூணின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் ஸ்பேசர் வைப்பது. ஸ்பிரிங்கும் சொக்கும் முன்பு போலவே வேலை செய்யும். ஆனால் முழுத் தூணும் கீழே தள்ளப்படும். கீழே உள்ள ஆர்ம் சரியும், போல் ஜொயின்ட் கோணத்தில் நிற்கும். உன்னுடையது நான்கு சில்லும் இழுக்கிற வான் என்பதால் முன் அச்சுத்தண்டுகளும் சரிவாகவே சுழல வேண்டும். கோணம் கூடக் கூட ஜொயின்ட்டும் அதன் றப்பர் உறையும் கெதியாகத் தேயும். சிறிய உயரம் என்றால் ஸ்பேசர் போதும். அதற்கு மேல் போவதானால் சப்ஃபிரேமையும் சேர்த்து இறக்கி, கோணங்களைப் பழையபடி வைத்திருக்கிற கிட் வேண்டும். காசும் கூடும், வேலையும் கூடும். ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கி உயர்த்துகிற வகை வேண்டாம். சில்லு கீழே இறங்குகிற ஓட்டம் அதில் குறைந்துவிடும், ஒவ்வொரு பள்ளத்திலும் அதை உணர்வாய்.

பின்பக்கம் தகடு ஸ்பிரிங். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் புளொக் வைத்தால் உடல் உயரும், ஆனால் பாரத்தில் களைத்த ஸ்பிரிங் களைத்தபடிதான் இருக்கும். எடைச்சீட்டில் பின் அச்சு பாரமாக இருந்தால் அந்தப் பாரத்துக்கென்று செய்த ஸ்பிரிங் தொகுதியைப் போடு. தேவையான உயரம் அதிலேயே வந்துவிடும். புளொக்தான் என்று முடிவானால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க விடாதே. யூ போல்ட் புதிதாக இருக்க வேண்டும், கழற்றியதைத் திரும்பப் பூட்டக் கூடாது. சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் போய் மறுபடி இறுக்கிக்கொள். சொக்கும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும்.

கராஜைத் தெரிவுசெய்ய உனக்கு நான்கு கேள்விகள் தருகிறேன். வானைத் தூக்கிச் சில்லு முழுதாகத் தொங்கும்போது பிரேக் குழாயும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடுகிறதா என்று பார்ப்பீர்களா? வேலை முடிந்து நாலு சில்லு அலைன்மென்ட் செய்து, அதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத்தாளைத் தருவீர்களா? விளக்கின் குறியையும் கண்ணாடியில் இருக்கிற கமெராவையும் சரிசெய்வீர்களா? பெரிய சில்லு வானுக்கு அடியில் மேலதிகச் சில்லின் இடத்தில் கொள்ளுமா? நான்குக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடு. நான்கு சில்லு இழுவையில் மேலதிகச் சில்லும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதால் கடைசிக் கேள்வி மிகவும் அவசியம். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடு. அறிவிக்காத மாற்றம் விபத்து நாளில் அவர்கள் பக்கம் பேசும்.

உயர்ந்து நிற்கும் வான் வடிவுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் நீ இருக்கிற இடம் அல்பேர்ட்டா. பின்சர் கிறீக் பக்கத்துப் பக்கக்காற்று பெட்டி லொறியையே சாய்க்கப் பார்க்கும். உன் வானோ உயரக் கூரை, அதன் மேல் சூரியத் தகடு. ஒவ்வொரு அங்குலமும் அந்தக் காற்றுக்கு இன்னும் கொஞ்சம் பிடி கொடுக்கும்.

என் ஊகத்தைக் கேட்டால், உனக்கு வேண்டியது பாரத்துக்கேற்ற பின் ஸ்பிரிங்கும் நல்ல சொக்கும். முன்னுக்கு மட்டம் பார்க்க ஒரு சின்ன ஸ்பேசர். டயர், இதே 235/65ஆர்16 அளவிலேயே பாரக் குறியீடு குறையாத ஓல்-டெரெய்ன். மிச்சக் காசில் இன்னொரு மேலதிகச் சில்லும் காற்றடிக்கிற பம்பும் வாங்கலாம். இது ஊகம் மட்டும்தான். எடைச்சீட்டு வேறு சொன்னால் நானும் மாற்றிச் சொல்வேன். உள்வேலை முடிந்ததும் அந்தச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு, கூடவே நான்கு சில்லு வளைவுக்கும் நிலத்திலிருந்து உள்ள உயரத்தை அளந்து எழுது. அங்குலத்தைப் பற்றி அன்றைக்குக் கதைப்போம்.

அம்மாவுக்கும் சிநேகிதிக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா