உயில் வழிக் கொடை: மாணவர் நல நிதிகளுக்கு ஒரு பாடம்



உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் எனத் தானத்தை நால்வகையாக நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் சாத்திர தானத்தின் இக்கால வடிவமே இளைஞர்க்குக் கல்வி அளித்தல் எனக் கொள்வதில் தவறில்லை. நம் ஊர்ச் சங்கங்கள் பலவும் இப்பணியை இயன்ற அளவில் செய்து வருகின்றன. ஆயினும் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போதுதான் நன்கொடை இரசீதுப் புத்தகம் கையில் எடுக்கப்படுகிறது. அவ்வாண்டு திரண்டது அவ்வாண்டே தீர்ந்துவிடுகிறது. மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கிடைக்குமா என்பது ஐயமாகி, படிப்பைப் பாதியில் விட நேர்கிறது. இந்நிலை மாற வேண்டுமாயின் நிலையான மூலநிதி தேவை. அதற்குரிய வழிகளுள் நம்மவர் அதிகம் எண்ணிப் பாராதது உயில் வழிக் கொடை. அதனை ஒரு மாணவர் நல நிதி எவ்வாறு தொடங்கலாம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மூலநிதி என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. போளூரை அடுத்த திருமலையில், குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் வணிகர் ஒருவரின் மனைவியாகிய சாமுண்டப்பை காசு அளித்த செய்தியை முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கிற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாகும்; ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது, நெய் அளப்பது நிற்கலாகாது என்பதே அதன் பொருள். முதலைத் தொடாமல் பயனை மட்டும் செலவிடும் முறையை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கணக்காயரும் சொல்லிவிட முடியாது!

உயில் வழிக் கொடையின் ஆற்றலையும் இடரையும் ஒருங்கே காட்டுவது பச்சையப்ப முதலியாரின் வரலாறு. 1794இல் மறைந்த அவர் தம் பெருஞ்செல்வத்தை அறச்செயல்களுக்கென உயில் எழுதி வைத்தார். ஆனால் செல்வம் உரிய பணிக்குச் செல்லாமல் வழக்குகளில் சிக்கியது. சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலானோர் முயன்று நீதிமன்றத்தின் வழியே நிதியை மீட்டனர். சமய அறங்கட்குப் போக எஞ்சியதைக் கொண்டு 1842இல் பள்ளி தொடங்கப்பட்டது. 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அக்கொடையால் கல்வி பெற்றோர் எண்ணிறந்தோர். எனினும் 1794க்கும் 1842க்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்தன. அந்த 48 ஆண்டுகளிலும் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், பள்ளி இல்லாமலே முதுமை எய்தினார்கள். எழுதி வைப்பது பாதி வேலை. எழுதியது நிறைவேறுமாறு செய்வது மறு பாதி.

இங்கே ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. பற்றை விடுதலே தானம். இறந்தபின் போகும் பொருளைக் கொடுப்பதில் பற்று எங்கே விடப்பட்டது என்பர். நேர்மையான வினாதான். வாழுங்காலத்தில் கொடுக்க இயல்பவர் வாழுங்காலத்திலேயே கொடுக்கட்டும். உயிலை நாளை நாளை என்று தள்ளுவதற்குச் சாக்காக்க வேண்டா. ஆனால் குடியிருக்கும் வீடும், இரண்டு ஏக்கர் நன்செயும், சிறு வைப்புத் தொகையும் மட்டுமே உடைய கைம்பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இன்னும் எத்தனை ஆண்டு, எத்தனை மருத்துவச் செலவு என்பது அவருக்குத் தெரியாது. இன்று ஆயிரம் ரூபாய் கொடுக்கவும் அஞ்சுவார். அவரிடம் கொடை உள்ளம் இல்லை என்று எவரும் கூறலாகாது. அவருக்குத் திறந்துள்ள வாயில் உயில் ஒன்றே. மேலும், 'இதற்குமேல் என்னுடையதன்று' என வரையறுத்துக் கையொப்பமிடும் நாளில் பொருள்வரைதல் என்னும் அணுவிரதத்தை நோக்கி ஓர் அடி வைக்கப்படுகிறது என்பதே நம் கருத்து.

சட்டநிலையைச் சிறிது காண்போம். சமணர் எழுதும் உயிலுக்கும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். தெளிந்த மனத்தினராய் எழுதுபவர் கையொப்பமிட, இரு சாட்சிகள் அதனைச் சான்றுறுதி செய்தல் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமன்று, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது பிற்காலப் பூசலைக் குறைக்கும். உயிருள்ள வரை எத்துணை முறையும் மாற்றலாம். சாட்சிகள் தம்மினும் இளையவராகவும், கொடை பெறும் சங்கத்தின் பொறுப்பாளர் அல்லாதவராகவும் இருப்பது நலம். கூட்டுக்குடும்பச் சொத்தாயின் தம் பங்கை மட்டுமே எழுத இயலும். வங்கி வைப்பிற்கு நாமினி குறித்துவிட்டால் உயில் வேண்டா என்பது பரவலான தவறு. நாமினி தொகையைப் பெற்றுக்கொள்பவரே. உரிமை உயிலின்படியோ வாரிசுரிமைப்படியோ செல்லும். அறத்திற்கு எழுதும் உயில் இறப்பிற்கு ஓராண்டு முன்பே எழுதப்பட வேண்டும் எனச் சிலர் அச்சுறுத்துவர். அவ்விதி நமக்கு என்றும் பொருந்தியதன்று. அது பொருந்தியவர்க்கும் உச்ச நீதிமன்றம் 2003இல் அதனை நீக்கிவிட்டது.

இனி, சங்கம் செய்ய வேண்டியவை. பிறரிடம் கேட்குமுன் தன் வீட்டைச் சீர்செய்தல் முதற்கடன். தணிக்கை செய்த கணக்கு ஆண்டுதோறும் உறுப்பினர் கைக்குச் செல்கிறதா? உயில் வழி வரும் தொகை மூலநிதியிலேயே சேரும், கட்டடச் செலவிற்கோ விழாச் செலவிற்கோ எடுக்கப்படாது எனப் பொதுக்குழு தீர்மானம் இயற்றியுள்ளதா? எடுத்துக்காட்டாக, 3 இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியாயின் 18,000 ரூபாய் வரும். அதில் 12,000 கட்டணத்திற்கும் 6,000 மூலநிதிக்கும் எனப் பிரித்தால்தான் விலைவாசி ஏற்றத்தைச் சிறிதேனும் தாங்கும். எதனை ஏற்பதில்லை என்பதையும் முன்னரே முடிவு செய்க. வழக்கிலுள்ள நிலம், வேறு போக்கிடமற்ற உறவினர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றை நாம் ஏற்கலாகாது. ஊன், மது சார்ந்த நிறுவனங்களின் பங்குகள் வருமாயின் என் செய்வது என்பதும் அகிம்சை நெறியினர் சிந்திக்க வேண்டியதே.

எழுதுவோர்க்கு உதவியாக ஒரு மாதிரி வாசகம்: 'என் ஈமச்செலவும் கடன்களும் போக எஞ்சும் சொத்தில் எட்டில் ஒரு பங்கை, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி இன்ன எண்ணில் பதிவு பெற்ற இன்ன சங்கத்திற்கு, மாணவர் கல்வி மூலநிதியாக அளிக்கிறேன். அச்சங்கம் அப்போது இயங்காதிருப்பின், அதே நோக்கமுடைய வேறு அறநிலையத்தை என் உயில் நிறைவேற்றுநர் தெரிவு செய்க.' தொகையாக எழுதுவதினும் பங்காக எழுதுவது மேல். 1975இல் 5,000 ரூபாய் பெருந்தொகை. இன்று அது ஒரு பருவக் கட்டணத்திற்கும் போதாது. அரைக்கால் பங்கோ என்றும் அரைக்காலே. சங்கத்தின் பதிவுப் பெயரையும் எண்ணையும் பிழையின்றிக் குறித்தல் இன்றியமையாதது.

கேட்கும் முறையில்தான் பலர் இடறுவர். நோய்ப்படுக்கையருகே உயிற்பேச்சு எடுக்கவே கூடாது. தனியே ஒருவரைச் சூழ்ந்து வற்புறுத்துவதும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் எழுதச் சொல்வதும் அறமன்று. குடும்பத்தார் அறிந்து இசைந்த கொடையே வழக்கின்றி வந்து சேரும். பொறுப்பாளர்கள் முதலில் தம் உயிலில் எழுதிய பின்னரே பிறரிடம் வாய் திறக்க வேண்டும். ஆண்டிற்கொரு முறை பொதுவில் அறிவித்தால் போதும். ஆதிபகவன் சிரேயாம்ச மன்னனிடம் கருப்பஞ்சாறு ஏற்ற அட்சய திருதியை நன்னாளைவிட அதற்குப் பொருத்தமான நாள் வேறில்லை. எழுத எண்ணுவோர் தொகை குறிப்பிடாமல் ஓர் அஞ்சலட்டையில் தம் விருப்பத்தை மட்டும் தெரிவித்தால் செயலாளர் அதனை மறைபொருளாகப் பேணுக. வாராத அக்கொடையை வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கலாகாது.

பயிற்சி: அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கீழ்வரும் வினாக்களை எடுத்துக்கொள்க. நம் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் இப்போது யாரிடம் உள்ளது? சென்ற ஐந்தாண்டுகளில் நம் உதவி பெற்ற மாணவருள் படிப்பை முடித்தோர் எத்தனை பேர், இடையில் நின்றோர் எத்தனை பேர்? இக்கூட்டத்தில் அமர்ந்திருப்போருள் உயில் எழுதியவர் எத்தனை பேர்?