காட்சி கரைவது எப்படி?

திரைப்படம் ஒன்றில் ஒரு சிறுவன் வரப்பின் மேல் ஓடுகிறான். அவனுடைய கால்கள் மட்டும் தெரிகின்றன. அவை மெல்ல மங்க, அதே இடத்தில் வேறு இரு கால்கள் தோன்றித் தெளிவாகின்றன. காமிரா மேலே உயர்ந்தால், அங்கே ஓடுபவன் மீசை அரும்பிய இளைஞன்! பத்து ஆண்டுகள் இரண்டே விநாடிகளில் கழிந்துவிட்டன. நீங்கள் பலமுறை பார்த்த உத்திதான் இது. ஒரு காட்சி கரைய, அதன் மேலேயே மற்றொரு காட்சி எழுவதைப் படத்தொகுப்பாளர்கள் ‘டிசால்வ்’ என்பார்கள். காட்சி மங்கி முழுவதும் இருண்டு போனால் ‘ஃபேடு அவுட்’. இருளிலிருந்து காட்சி எழுந்தால் ‘ஃபேடு இன்’. இன்று உங்கள் பள்ளி ஆண்டு விழாவைச் செல்பேசியில் படம் பிடித்து, ஒரு பொத்தானைத் தொட்டே இவற்றைச் சேர்த்துவிடலாம். தொட்டவுடன் உள்ளே நடப்பது என்ன?

அதை அறியச் சினிமாவுக்கும் முந்தைய காலத்திற்குப் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு மக்கள் ‘மாய விளக்கு’க் காட்சிகளைக் காணக் கூட்டமாகக் கூடினார்கள். கண்ணாடியில் வரைந்த ஓவியத்தின் வழியே ஒளியைப் பாய்ச்சித் திரையில் பெரிதாக விழச் செய்யும் கருவி அது. இரண்டு விளக்குகளைத் திரையின் ஒரே இடத்தை நோக்கித் திருப்பி வைப்பார்கள். ஒன்றில் கோடைக்காலத்து ஆலை; மற்றொன்றில் பனி மூடிய அதே ஆலை. பின்னாளில் வந்த வாயு விளக்குகளில் ஒரே திருகைத் திருப்பினால் போதும். ஒரு விளக்குக்குப் போகும் வாயு குறையக் குறைய, மற்றதற்குப் போகும் வாயு கூடும். பார்ப்பவர் கண் முன்னே கோடை கரைந்து பனிக்காலமாகும். ஒன்று இழக்கும் அளவுக்கு மற்றொன்று பெற வேண்டும் என்பதே இதன் விதி. இன்றைய கணிப்பொறி வரை இவ்விதி மாறவில்லை.

பிரான்சு நாட்டு மாய வித்தைக்காரர் ஜார்ஜ் மெலியே இதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர். 1899-இல் அவர் எடுத்த ‘சின்ட்ரெல்லா’ படத்தில் காட்சிகள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. அன்று இதைக் காமிராவுக்குள்ளேயே செய்தாக வேண்டும். முதல் காட்சியின் முடிவில் ஒளி புகும் துளையைச் சிறிது சிறிதாக மூடுவார்கள். பிறகு ஒளி படாமல் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த காட்சியை அதே பகுதியின் மேல் துளையைத் திறந்துகொண்டே எடுப்பார்கள். கையால் சுற்றும் காமிராக்கள் பலவற்றில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 8 படங்கள் பதியும். விநாடிக்கு 16 படங்கள் என்றால், இரண்டு விநாடி டிசால்வுக்கு நான்கு சுற்று பின்னே போக வேண்டும். எண்ணிக்கை தவறினால் இரண்டு காட்சிகளுமே வீண். செலவு செய்து போட்ட அரங்கத்தில் மீண்டும் நடிக்க வேண்டியதுதான்.

பின்னர் ‘ஆப்டிகல் பிரிண்டர்’ வந்து இந்த ஆபத்தைப் போக்கியது. எடுத்து முடித்த படச்சுருள்களையே இது மறுபடி படம் பிடித்து ஒன்றாக்கும். ஆனால் நகலுக்கு நகல் எடுக்கும்போது படத்தில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பு கூடிவிடும். பழைய படங்களில் ஒரு காட்சி காரணமின்றிச் சற்றே சொரசொரப்பானால், டிசால்வ் வரப்போகிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வியக்க வைக்கலாம்!

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். அதற்குப் படம் என்பது எண்களின் கூட்டம். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. பொதுவாக 0 என்றால் இருள். 255 என்றால் முழு ஒளி. முதல் காட்சியில் ஒரு புள்ளியின் எண் 200, அடுத்த காட்சியில் அதே இடத்தில் 40 என்று கொள்வோம். கால் பங்கு தூரம் கடந்ததும் 200-இல் முக்கால் பங்கு 150, 40-இல் கால் பங்கு 10, கூட்டினால் 160. பாதியில் 120. முக்காலில் 80. அவ்வளவுதான் டிசால்வ்! இரண்டாம் காட்சியின் எண்கள் எல்லாம் 0 என்று வைத்துக்கொண்டால் அதுவே ஃபேடு அவுட்.

அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட படத்தில் மொத்தம் 62,20,800 எண்கள் இருக்கின்றன. விநாடிக்கு 30 படங்கள் என்றால், ஒரு விநாடி டிசால்வுக்கு இந்தக் கணக்கை 18 கோடியே 66 லட்சத்து 24 ஆயிரம் முறை போட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 128 என்பது 255-இல் ஏறக்குறையப் பாதி. ஆனால் திரையில் 128 தரும் ஒளி, 255 தரும் ஒளியில் பாதி அன்று. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவே! நம் கண் வெளிச்சத்தில் இருப்பதைவிட மங்கலில் நுட்பமாக வேறுபாடு காணும். அதற்கேற்பவே இவ்வெண்களை வகுத்திருக்கிறார்கள். உண்மையில் பாதி ஒளி வேண்டுமானால் எண் 188 ஆக இருக்க வேண்டும்.

கார்த்திகை தீபக் காட்சி ஒன்று இருளில் கரைகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். எண்களைக் கலந்தால் நடுவழியில் சுடரின் எண் 128. ஒளியையே கலந்தால் 188. மாய விளக்கும் படச்சுருளும் கலந்தது ஒளியைத்தான். அதனால் அங்கே சுடர்கள் நெடுநேரம் நின்று ஒளிரும். சில மென்பொருள்களில் ‘ஃபிலிம் டிசால்வ்’ என்ற பெயரில் இம்முறை தனியாக இருக்கிறது. தீபங்கள், வாணவேடிக்கை, இரவுத் தெரு ஆகியவற்றுக்கு இதுவே அழகு. சாதாரண ஃபேடு அவுட்டுக்கோ எண்களைக் கலப்பதே மேல். ஒளியைக் கலந்தால் காட்சி நெடுநேரம் மங்காதது போலிருந்து, கடைசியில் திடீரென்று இருண்டுவிடும்.

படம் பிடிக்கும்போதே கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு விநாடி டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால், முதல் காட்சி வெட்டுக்குப் பின்னும் 15 படங்கள் ஓட வேண்டும். அடுத்த காட்சி வெட்டுக்கு 15 படங்கள் முன்பே தொடங்க வேண்டும். நடனம் தொடங்கிய பிறகு பொத்தானை அமுக்கினால் அந்த 15 படங்களுக்கு எங்கே போவது? ஐந்து விநாடி முன்பே தொடங்குங்கள். முடிந்த பின்னும் ஐந்து விநாடி ஓடவிடுங்கள்.

ஒலிக்குக் கணக்கே வேறு. நாதசுரம் மங்கி மழையோசை எழுவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் இரண்டு அலைகளின் வீச்சையும் பாதி பாதியாக்கிச் சேர்த்தால் ஓசை சற்றுத் தொய்ந்து போகும். ஒலியின் திறன் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதியின் வர்க்கம் கால். கால் இரண்டு சேர்ந்தால் அரைதானே! எனவே, தொடர்பில்லாத இரு ஓசைகளைக் கலக்கும்போது நடுவில் ஒவ்வொன்றுக்கும் 0.707 பங்கு வைக்கிறார்கள். அதன் வர்க்கம் ஏறக்குறைய அரை. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே பாட்டு, துளியும் பிசகாமல் ஓடினால் 0.707 வைக்கலாமா? வீச்சுகளை நேராகக் கூட்டிப் பாருங்கள்: 1.414 வரும். பாட்டு நடுவில் துள்ளி உரத்துவிடும். அங்கே பாதிக்குப் பாதியே சரி.