துருவில் பிறந்த பெயர்

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் வட அட்லாண்டிக்கில் மூழ்கிய டைட்டானிக் கப்பல், ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் இரும்புத் தகடுகளிலிருந்து ஆலம் விழுதுகளைப் போலத் துரு தொங்குகிறது. அவ்விழுதுகள் பலவகை நுண்ணுயிரிகளின் உறைவிடம். 1991ஆம் ஆண்டு மேலே கொணரப்பட்ட துருவிழுதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியா, 2010ஆம் ஆண்டில்தான் புதிய சிற்றினமாக அறிவிக்கப்பட்டது.

யானையையும் குதிரையையும் கண்ட அளவிலேயே வேறுபடுத்துகிறோம். பாக்டீரியாக்களிடம் கண்ணை நம்ப இயலாது. கோல் வடிவில் எண்ணற்ற இனங்கள் உள்ளன. எனவே கனடா, ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் அதனைத் தனியே வளர்த்து அதன் இயல்புகளைக் குறித்தனர். அது உயிர்வளியை நாடுவது, கசையிழைகளால் நீந்துவது, 2 முதல் 8 விழுக்காடு உப்பில் செழிப்பது. கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு என்பதை இங்கு நினைவிற்கொள்க.

அடுத்து, உறவறிதல். எல்லாப் பாக்டீரியாக்களிலும் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு மிக மெதுவாகவே மாறுவது. அதனை ஒப்பிட்டபோது, இது ஹாலோமோனாஸ் பேரினத்தைச் சார்ந்தது என்பது தெளிவாயிற்று. ஆனால், முன்னரே அறியப்பட்ட ஹாலோமோனாஸ் நெப்டூனியாவுடன் ஒற்றுமை 98 விழுக்காட்டையும் கடந்திருந்தது. அவ்வாறாயின் இரண்டும் ஒன்றோ?

சிக்கல் இங்கேதான் உள்ளது. இம்மரபணுவில் ஒற்றுமை குறைந்தால் இனம் வேறு எனத் துணியலாம். ஒற்றுமை மிகுந்தால் இனம் ஒன்றெனத் துணிதல் இயலாது. ஆகவே இரு பாக்டீரியாக்களின் முழு டி.என்.ஏ.வையும் வெப்பத்தால் இழை பிரித்துக் கலந்து, எவ்வளவு இணைகின்றன என அளந்தனர். 70 விழுக்காடும் அதற்கு மேலும் இணைந்தால் ஒரே சிற்றினம் என்பது வழக்கு. கிடைத்த அளவோ அதற்கு மிகக் கீழே இருந்தது. ஒரு மரபணுவோடு ஆய்வை நிறுத்தியிருந்தால், இப்புதிய உயிர் பழைய பெயருக்குள் மறைந்திருக்கும்.

ஹாலோமோனாஸ் டைட்டானிக்கே எனப் பெயரிட்டனர். கப்பலை அரிக்கும் உயிர்க்கூட்டத்தில் ஒன்றுக்கு அக்கப்பலின் பெயரே வாய்த்தது விந்தைதான். அண்மையில் முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டவர்கள் இதனை விரீலாண்டெல்லா என்னும் பேரினத்திற்கு மாற்றியுள்ளனர். டைட்டானிக்கே என்னும் சிற்றினப் பெயர் மாறவில்லை.

புதிய பாக்டீரியாவின் பெயர் ஏற்கப்பட, அதன் உயிருள்ள வளர்ப்பை வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு சேமிப்பகங்களிலேனும் ஒப்படைத்தல் வேண்டும். பி.எச்.1 எனக் குறிக்கப்பெறும் இவ்வளர்ப்பும் அவ்வாறே வைக்கப்பட்டுள்ளது. ஐயமுறும் ஆய்வாளர் அதனைக் கேட்டுப் பெற்று, மீண்டும் வளர்த்து, முதலிலிருந்து சோதித்துப் பார்க்கலாம்.