குளியலறைக்குச் சாமான் வாங்குவோம்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் பெரிய சாலையில் லோத்குண்டா இருக்கிறது. தெலுங்கில் 'லோத்து' என்றால் ஆழம். 'குண்ட' என்றால் சிறு குளம். ஆழக்குளம் என்று நாம் சொல்லலாம். செகந்திராபாத் 1806-இல் ராணுவ முகாமாகத் தோன்றிய ஊர். சென்னைப் படையோடும் அதற்குப் பிறகும் தமிழர்கள் பலர் இங்கே வந்து தங்கினார்கள்.

லோத்குண்டாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கணவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். மனைவி வீட்டில் தையல் தைக்கிறார். இரண்டு பிள்ளைகள். கணவரின் அம்மாவும் கூட இருக்கிறார். மொத்தம் 5 பேர். வீட்டில் ஒரே ஒரு குளியலறை. கழிவறையும் அதற்குள்தான்.

அந்த அறை பழையது. தரை வழுக்கும். குழாய் சொட்டும். ஒரு நாள் விடியற்காலையில் மாமியார் அங்கே வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் முழங்காலில் நல்ல அடி. அதன் பிறகு அவரால் குந்தி உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தால் அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

மருமகள் இதைக் கவனித்தார்.

"என்னங்க, அத்தை தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாங்க. சீட்டு எடுத்துடலாம். உக்கார்ற மாதிரி கோமோடு வெச்சிடலாம்."

"சீட்டுப் பணம் 20,000 ரூபாய்தானே வரும். அதுல ஆகுமா?"

"ஆகுற மாதிரி வாங்கலாம்."

ஆகும். ஆனால் எதை முதலில் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பலர் முதலில் கடைக்குப் போகிறார்கள். அது தவறு. முதலில் அளவு எடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் தையல் டேப்பே போதும். அறையின் நீளம், அகலம் எழுதிக்கொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். பிறகு தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோமோடு வரும் இடத்தை வரையுங்கள். கோமோட்டின் நடுவிலிருந்து பக்கத்துச் சுவர் வரை 15 அங்குலமாவது வேண்டும். அதன் முன்னால் 2 அடி இடம் வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். வயதானவர்களுக்கு எழுந்திருக்கவும் இடம் தேவை.

இன்னொரு அளவும் உண்டு. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கழிவு வெளியே போகும் ஓட்டை தரையில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா? தரையில் இருந்தால் 'எஸ் டிராப்' கோமோடு. சுவர் வழியாகப் போனால் 'பி டிராப்' கோமோடு. தரையில் இருந்தால் சுவரிலிருந்து ஓட்டையின் நடு வரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். சுவரில் டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா? அப்படியானால் சுவர் சற்று முன்னால் வரும். அதையும் கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் தவறினால் வாங்கிய கோமோடு பொருந்தாது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

மருமகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். அவர் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. எண்கள் கோணலாக வந்தன. வந்தால் என்ன? படிக்க முடிந்தது.

செகந்திராபாத்தில் ராணிகஞ்ச் பகுதியில் குழாய்க் கடைகளும் இரும்புச் சாமான் கடைகளும் நிறைய. ஹைதராபாத் கோட்டி பக்கம் ட்ரூப் பஜார் இருக்கிறது. அங்கே பீங்கான் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரே கடையில் கேட்டுவிட்டு வாங்காதீர்கள். மூன்று கடையில் கேளுங்கள். விலையை அப்போதே தாளில் எழுதிவிடுங்கள். நான்காவது கடைக்குப் போவதற்குள் முதல் கடை விலை மறந்துவிடும்.

கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லால் பஜார், திருமல்கிரி, கார்க்கானா வழியாகப் பேருந்தில் போனார்கள். வேறு இடத்தில் ஞாயிறு கடை திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

முதல் கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு 'செட்' வைத்திருந்தார்கள். கோமோடு, தொட்டி, முகம் கழுவும் பேசின், அதைத் தாங்கும் பீங்கான் தூண், சோப்புக் கிண்ணம் எல்லாம் ஒரே நிறம். பார்க்க அழகு. விலை 20,000 ரூபாய்க்கு மேல்.

"செட்டா எடுத்தா மலிவும்மா" என்றார் கடைக்காரர்.

செட் மலிவுதானா? அதில் உள்ள ஒவ்வொரு பொருளும் நமக்கு வேண்டுமானால் மலிவு. வேண்டாத தூணுக்கும் கிண்ணத்துக்கும் பணம் கொடுத்தால் மலிவு இல்லை. பேசினைச் சுவரில் இரண்டு இரும்புத் தாங்கி அடித்து மாட்டலாம். தூண் எதற்கு? நிறமும் தேவையில்லை. வெள்ளைதான் விலை குறைவு. நாளைக்குப் பேசின் உடைந்தால் வெள்ளைக்கு வெள்ளை எங்கும் கிடைக்கும். இளஞ்சிவப்புக்கு ஜோடி தேடி அலைய முடியாது. அழுக்கு வெள்ளையில் தெரியும் என்பார்கள். தெரியட்டும். தெரிந்தால்தானே கழுவுவோம்.

அடுத்த கடையில் வெள்ளைக் கோமோடு இரண்டு இருந்தன. ஒன்று 1,900 ரூபாய். மற்றது 3,200 ரூபாய். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. கணவர் விலை குறைந்ததைத் தொட்டுப் பார்த்தார். மருமகள் குனிந்து முத்திரையைத் தேடினார்.

நல்ல பீங்கானுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு. கழிவறைப் பீங்கானுக்கான தர எண் 2556. முத்திரையின் மேலே இந்த எண் இருக்கும். கீழே அந்த ஆலையின் உரிம எண் இருக்கும். ஆங்கிலம் தெரியாதவரும் எண்ணைப் படிக்கலாம். அவருடைய மகள் 2556 என்று அம்மாவின் உள்ளங்கையில் பேனாவால் எழுதி அனுப்பியிருந்தாள். 3,200 ரூபாய் கோமோட்டில் அந்த எண் இருந்தது. 1,900 ரூபாய் கோமோட்டில் இல்லை. அதை வைத்திருந்த அட்டைப்பெட்டியில் மட்டும் ஏதோ ஒரு முத்திரை அச்சடித்திருந்தது. பெட்டியைப் பார்த்து வாங்கக் கூடாது. பொருளின் மேலேயே முத்திரை இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 'பிஐஎஸ் கேர்' என்று ஒரு செல்போன் செயலி வைத்திருக்கிறது. உரிம எண்ணை அதில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தத் தரம் எதற்கு? பீங்கானை அதிகச் சூட்டில் நன்றாகச் சுட்டால் அது தண்ணீரை உறிஞ்சாது. 100 கிராம் பீங்கான் அரை கிராமுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது விதி. சரியாகச் சுடாத பீங்கான் பானையைப் போலத் தண்ணீர் குடிக்கும். மேல்பூச்சில் மெல்லிய விரிசல் ஓடும். விரிசலில் கறை ஏறும். நாற்றம் போகாது.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோமோட்டின் அடிப்பக்கத்தில் பளபளப்புப் பூச்சு இல்லாத இடம் இருக்கும். அங்கே ஈர விரலை வையுங்கள். ஈரம் சட்டென்று உள்ளே போனால் அது வேண்டாம். ஒரு நாணயத்தால் தட்டுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். 'டப்' என்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. சமமான தரையில் வைத்து ஆட்டுங்கள். ஆடக் கூடாது. வாங்கும்போது நாம் வெட்கப்படத் தேவையில்லை. பானை வாங்கும்போது தட்டித்தானே வாங்குகிறோம்?

பெரிய கம்பெனிப் பெயர் மட்டும்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். பாரிவேர் நம் ராணிப்பேட்டையில் வளர்ந்த பெயர். ஹிந்த்வேர் பீங்கான் ஆலை ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பீபிநகரிலேயே வந்தது. குஜராத்தில் மோர்பி, தான்காட் ஊர்களில் சின்ன ஆலைகள் ஏராளம். சின்ன ஆலைப் பொருளிலும் முத்திரையும் எண்ணும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். விலை குறையும்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய தொட்டி ஒரு தடவைக்கு 10 லிட்டர் கொட்டும். இப்போது இரண்டு பொத்தான் உள்ள தொட்டி கிடைக்கிறது. சின்னப் பொத்தானுக்கு 3 லிட்டர். பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர். வீட்டில் 5 பேர். ஒருவர் ஒரு நாளில் 5 தடவை போகிறார் என்று வைப்போம். மொத்தம் 25 தடவை. பழைய தொட்டியில் 250 லிட்டர் ஆகும். புதிய தொட்டியில் பெரிய பொத்தான் 5 தடவை, சின்னப் பொத்தான் 20 தடவை. 30 லிட்டரும் 60 லிட்டரும் சேர்ந்து 90 லிட்டர்தான். மிச்சம் 160 லிட்டர். ஹைதராபாத்தில் குழாய்த் தண்ணீர் பல இடங்களில் தினமும் வருவதில்லை. கோதாவரித் தண்ணீர் 2015 முதல் எல்லம்பள்ளியிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வந்து சேருகிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீரை ஒரே இழுப்பில் 10 லிட்டர் கொட்டுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தொட்டி பிளாஸ்டிக்கே போதும். பீங்கான் தொட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் மிதவையும் வால்வும் தனியாகக் கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

குழாய்களில் பித்தளைக்குத்தான் ஆயுள் அதிகம். கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல பித்தளைக் குழாய் கனக்கும். இரும்பின் மேல் முலாம் பூசியிருந்தால் காந்தம் ஒட்டும். இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. உப்பு படிந்து குழாயின் உள்பகுதி சீக்கிரம் தேயும். அதனால் உள்ளே சுழலும் 'ஸ்பின்டில்' தனியாகக் கிடைக்கும் குழாயையே வாங்குங்கள். வாளி நிரப்பும் குழாயும் பேசின் குழாயும் பித்தளையில் இருக்கட்டும். வாசலில் துணி துவைக்கும் இடத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பிளாஸ்டிக் குழாய் போதும். அது துருப்பிடிக்காது. அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

இங்கே பிளம்பர் சொன்ன ஒரு பேச்சைக் கேளுங்கள்.

"அக்கா, கண்ணாடி, துண்டுக் கம்பி எல்லாம் அடுத்த வருசம்கூட வாங்கலாம். செவுத்துக்குள்ள போற பைப்பை அடுத்த வருசம் மாத்த முடியாது. மாத்தணும்னா டைல்ஸ் உடைக்கணும்."

பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகும் குழாயில் மிச்சம் பிடிக்காதீர்கள். கழிவுக் குழாய் 4 அங்குலம் இருக்கட்டும். 4 அடி நீளத்துக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். தரைத் தண்ணீர் போகும் நானி டிராப்பில் 2 அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் கதவு.

அவர்கள் செலவைப் பாருங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும். இது கணக்குக் காட்டுவதற்கு மட்டும். கோமோடு 3,200. தொட்டி 1,400. மேல்மூடி 600. பேசின், அதன் தாங்கி, கழிவுக் குழாய் 1,450. குழாய்களும் ஆங்கிள் காக்குகளும் கைப்பீச்சுக் குழாயும் சேர்ந்து 3,150. கடைச் சாமான் மொத்தம் 9,800 ரூபாய். வண்டிக் கூலி 400. சுவருக்குள் போகும் குழாய்கள் 4,300. பிளம்பர் கூலி 4,000. ஆகமொத்தம் 18,500 ரூபாய். கையில் மிச்சம் 1,500.

அந்த மிச்சத்தில் என்ன வாங்குவது? கணவர் பெரிய கண்ணாடி வாங்கலாம் என்றார். மருமகள் வேண்டாம் என்றார். கோமோட்டுக்குப் பக்கத்தில் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு எவர்சில்வர் கைப்பிடி வாங்கினார். மீதிப் பணத்தில் சொரசொரப்பான தரை டைல்ஸ் கொஞ்சம் வாங்கினார்கள். அறை முழுவதுக்கும் போதவில்லை. கோமோட்டிலிருந்து கதவு வரை போட்டார்கள்.

பணம் கொடுக்கும் முன் பில் கேளுங்கள். வரி சேர்ந்த விலையா என்று கேளுங்கள். பில்லில் கம்பெனிப் பெயர், தேதி, எத்தனை சாமான் என்று எழுதியிருக்கிறதா எனப் படியுங்கள். துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது பில் ஆகாது. வண்டியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் இறக்கியவுடன், வண்டிக்காரர் போகும் முன்பே பிரித்துப் பார்த்துவிடுங்கள். குறை இருந்து கடைக்காரர் கேட்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. பில் இருந்தால் வழக்குக்குப் பலம் அதிகம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கோமோட்டின் அடியில் சிமெண்ட் கலவையை அடைத்துவிடுவது சிலர் வழக்கம். கலவை இறுகும்போது பீங்கான் வெடிக்கலாம். பிறகு கழற்றவும் முடியாது. திருகாணி போட்டு, ஓரத்தில் மட்டும் வெள்ளைச் சிமெண்ட் பூசச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் குழாய்களை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தண்ணீர் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அன்றைக்கே சரி செய்துவிடலாம்.

நான்காம் நாள் வேலை முடிந்தது. மாமியார் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தார். எழுந்தும் பார்த்தார். வெளியே வந்து, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றார்.

பயிற்சி

உங்கள் வீட்டுக் குளியலறையின் நீளம், அகலம் அளந்து எழுதுங்கள். கழிவு ஓட்டை தரையில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா?

ஒரு வீட்டில் 7 பேர். ஒருவர் ஒரு நாளில் 5 தடவை கழிவறைக்குப் போகிறார். பழைய தொட்டியில் எத்தனை லிட்டர் ஆகும்? இரண்டு பொத்தான் தொட்டியில் பெரிய பொத்தான் 7 தடவை, சின்னப் பொத்தான் 28 தடவை அழுத்தினால் எத்தனை லிட்டர் ஆகும்?

உங்கள் வீட்டுக் குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். அதன் மேலே இருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.