நாய், பூனையின் வயிற்றுப் பூச்சியும் நமது பிள்ளைகளும்

இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துடன் பெரும்பாலும் ஒரு நாயும் வந்துவிடுகிறது. சில நாய்கள் மூட்டை முடிச்சுகளோடு உழவு இயந்திரப் பெட்டியில் வருகின்றன. சில பின்னாலேயே ஓடி வருகின்றன. கதவில்லாத கொட்டிலுக்கு அதுவே காவல். புதிதாகக் கொத்திய தோட்டத்தில் பன்றியையும் குரங்கையும் கலைப்பதும் அதுவே. பூனை நெல் மூட்டையை எலியிடமிருந்து காக்கிறது. ஆனால் ஆடு, மாடு, கோழிக்கு மருந்து தேடும் நாம் நாய்க்கும் பூனைக்கும் தேடுவதில்லை. கையில் காசில்லாதது ஒரு காரணம். நாயின் பூச்சி நாயோடு நின்றுவிடும் என்று நினைப்பது இன்னொரு காரணம். அப்படி அது நின்றுவிடுவதில்லை.

நமது பகுதிகளில் நாய், பூனையின் குடலில் பொதுவாகக் காணப்படுபவை வட்டப்புழு, கொழுக்கிப்புழு, நாடாப்புழு என்னும் மூன்று. இவற்றுள் குட்டிகளைக் கொல்பவை முதல் இரண்டும்.

வட்டப்புழு வெள்ளை நிறமானது. நான்கு முதல் ஆறு அங்குலம் வரை நீளும். இரு முனையும் கூராக இருக்கும். குட்டி வாந்தி எடுக்கும்போது இடியப்ப இழைபோல் சுருண்டு விழுவது இதுதான். பால் குடித்ததால் வந்தது, சீனி தின்றதால் வந்தது என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் நாய்க்குட்டிக்கு இது தாயின் வயிற்றிலேயே வந்துவிடுகிறது. தாய் நாய் எப்போதோ விழுங்கிய முட்டையிலிருந்து வந்த இளம்புழுக்கள் அதன் தசைகளில் உறங்கிக் கிடக்கும். நாய் சினைப்பட்டதும் அவை விழித்து, கருவிலிருக்கும் குட்டிக்குள் சென்றுவிடும். தாய் கொழுகொழுவென்று இருக்கலாம், மலத்தில் ஒரு புழுவும் இல்லாதிருக்கலாம். ஆனாலும் குட்டிகள் புழுவுடனேயே பிறக்கும். மூன்று வாரக் குட்டியின் மலத்திலேயே முட்டைகள் வரத் தொடங்கும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஒரு இலட்சம் அளவில் முட்டையிடும். பூனைக்குட்டிக்கு இது கருவில் வருவதில்லை. தாய்ப்பாலின் மூலம் வருகிறது.

கொழுக்கிப்புழு அரை அங்குலம்தான். கண்ணில் படுவது அரிது. அதனால்தான் இதை ஒருவரும் கவனிப்பதில்லை. இது குடற்சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். நாயில் வாழும் கொழுக்கிப்புழு ஒன்று ஒரு நாளைக்குக் குடிப்பது ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர். நூறு புழு இருந்தால் 10 மில்லிலீற்றர், அதாவது இரண்டு தேக்கரண்டி. ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே 80 மில்லிலீற்றர் அளவுதான். கணக்கைப் பார்த்தால், ஒரு கிழமைக்குள் ஏன் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன என்பது விளங்கும். அயலவர் கண்ணூறு என்பார்கள். குட்டியின் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது கடதாசிபோல் வெளுத்திருந்தால், மலம் தார்போல் கறுத்திருந்தால், அன்றே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

நாடாப்புழு தெள்ளின் மூலம் பரவுகிறது. நாய் தன்னைக் கடிக்கும் தெள்ளைக் கடித்து விழுங்கும்போது தெள்ளுக்குள் இருக்கும் இளம்புழுவும் உள்ளே போகிறது. வாலடியிலும் படுக்கும் சாக்கிலும் வெள்ளரி விதைபோல் அசையும் துண்டுகளும், காய்ந்தால் அரிசிபோல் கிடப்பனவும் இதன் அடையாளம். ஆடு அறுத்த இடத்துப் பச்சைக் குடலையும் ஈரலையும் தின்னும் நாய்க்கு வேறு வகை நாடாப்புழுக்கள் வரும். ஆகவே கழிவைப் புதைத்துவிடுங்கள், நாய்க்குக் கொடுப்பதானால் நன்றாக அவித்துக் கொடுங்கள்.

இனிப் பிள்ளைகளின் விடயத்துக்கு வருவோம். கொட்டிலின் தரை மண். பிள்ளை தவழ்வதும் அதில், நாய் படுப்பதும் அதில். வட்டப்புழுவின் முட்டை மண்ணோடு பிள்ளையின் வாய்க்குள் போனால், குடலில் வளராமல் இளம்புழுவாகவே ஈரல், நுரையீரல் என்று அலையும். சில வேளை கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுக்கும். நாயின் கொழுக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, சிவந்த வளைகோடாகத் தோலுக்கடியில் ஊர்ந்து, தாங்கமுடியாத கடியைக் கொடுக்கும். இதற்கு நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் வேண்டாம், வைத்தியசாலையில் மருந்துண்டு. இன்னொரு வகைக் கொழுக்கிப்புழு நாயிலும் பூனையிலும் வாழ்வதோடு, மனிதக் குடலிலும் முழுப் புழுவாக வளரக்கூடியது. 1911ஆம் ஆண்டு இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து முதன்முதல் விவரிக்கப்பட்டதால் விஞ்ஞானிகள் அதற்கு நமது நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெருமைப்படக்கூடிய விடயமல்ல.

ஆனால் இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. புதிதாக விழுந்த மலத்திலுள்ள வட்டப்புழு முட்டை உடனே தொற்றாது. அது மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர வேண்டும். கொழுக்கிப்புழுவின் முட்டை பொரித்துத் தொற்றும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு கிழமை செல்லும். ஆகவே நாளாந்தம் காலையில் வளவைக் கூட்டும்போதே நாய், பூனையின் மலத்தையும் மண்வெட்டியால் அள்ளி, கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தூரமாக ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட்டால், பாதி வேலை காசில்லாமலே முடிந்துவிடும். கூட்டெருக் குழியில் போட வேண்டாம். முதிர்ந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்காக உயிரோடு கிடக்கும். கடையில் வாங்கும் கிருமிநாசினி அதை அசைக்காது. கொழுக்கிப்புழுவின் இளம்புழுவோ வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தாங்காது. அது ஈரமும் நிழலும் உள்ள மணலில்தான் பிழைக்கும். எனவே நாய் படுக்கும் இடத்தில் வெயில் விழும்படி செய்யுங்கள். பிள்ளைகள் விளையாடும் மணற்குவியலை இரவில் தறப்பாளால் மூடுங்கள். பூனைக்கு அதுவே மலசலகூடம். சாப்பிடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும், வெளியே போகும்போது செருப்புப் போடுவதும் நீங்கள் அறிந்தவையே.

மருந்துக்கு வருவோம். குட்டி பிறந்த இரண்டாம் வாரத்தில் முதல் மருந்து. பிறகு 4, 6, 8ஆம் வாரங்களில். அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பூனைக்குட்டிக்கு மூன்றாம் வாரத்தில் தொடங்கினால் போதும். குட்டிகளுக்குக் கொடுக்கும் அதே நாளில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தோம், புழு விழுந்தது, போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மருந்து கொல்வது பெரும்பாலும் அன்று குடலில் இருக்கும் புழுக்களைத்தான். நுரையீரலிலும் தசையிலும் இருப்பவை பின்னர் குடலுக்கு வந்து சேரும். அவற்றைப் பிடிக்கத்தான் இரண்டாவது, மூன்றாவது தரம்.

சிறு குட்டிகளுக்குப் பைரன்டல் பாணி நல்லது. வட்டப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் வேலை செய்யும். நாடாப்புழுவுக்குப் பிரசிகுவன்டல் வேண்டும். வளர்ந்த நாய்களுக்கு இவை கலந்த குளிசைகள் உண்டு. பலவும் 10 கிலோவுக்கு ஒரு குளிசை என்ற அளவில் வருகின்றன. அப்படியானால் 15 கிலோ நாய்க்கு ஒன்றரைக் குளிசை. எல்லாக் குளிசையும் ஒரே அளவல்ல, ஆதலால் உறையில் உள்ளதை வாசித்துப் பாருங்கள். எடையைக் கண்ணால் மதிப்பிடக்கூடாது. குட்டியைக் கடகத்தில் வைத்துக் கடைத் தராசில் நிறுக்கலாம். பெரிய நாயைத் தூக்கிக்கொண்டு நிறை பார்க்கும் தட்டில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். சினை நாய்க்கும், ஏற்கனவே மிகவும் மெலிந்த குட்டிக்கும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம். மருந்துக்குப் பின் ஓரிரு நாள் புழு விழும், அதையும் புதையுங்கள். வயிறு உப்பி வாந்தி நிற்காவிட்டால் திரும்பவும் வைத்தியரிடம் போங்கள்.

கைமருந்து பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உள்ளியும் வெங்காயமும் நாய், பூனையின் செங்குருதிக் கலங்களை அழிப்பவை. கொழுக்கிப்புழுவால் இரத்தம் இழந்த குட்டிக்கு உள்ளியை அரைத்துப் பருக்குவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் மிச்சத்தை நாய்க்கு ஏற்றுவதும், மனிதருக்குத் தந்த பூச்சிக் குளிசையை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து. தெள்ளுக்கென்று வயலுக்கு அடிக்கும் நஞ்சைப் பூசவே வேண்டாம். பூனை தன்னை நக்கிக்கொண்டே செத்துப்போகும். சவர்க்காரமிட்டுக் குளிப்பாட்டி, பல் நெருக்கமான சீப்பால் வாரி, படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துங்கள். தெள்ளு ஒழியாவிட்டால் நாடாப்புழு சில வாரங்களில் திரும்பி வரும்.

முகாமிலோ நெருக்கமான குடியிருப்பிலோ ஒரு வீட்டார் மட்டும் மருந்து கொடுத்துப் பயன் குறைவு, ஏனென்றால் எல்லா நாய்களும் ஒரே மண்ணில்தான் திரிகின்றன. பத்து வீட்டார் சேர்ந்து ஒரு நாளைக் குறியுங்கள். ஒரு போத்தல் பாணி பல குட்டிகளுக்குக் காணும், செலவும் பங்காகும். நாய்களின் எண்ணிக்கையையும் எடைகளையும் எழுதிக்கொண்டு ஒருவர் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சென்று கேட்டால், எந்த மருந்து, எவ்வளவு என்று ஒரே முறையில் தெரிந்துவிடும். சொந்தக்காரர் இல்லாத நாய்களையும் கணக்கில் சேருங்கள். சோற்றோடு கலந்து கொடுக்கலாம். அடுத்த தவணையை நாட்காட்டியில் குறிப்பதைப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்தால் தவறாது.

விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாளையும் அதே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். பூச்சி மருந்து கொடுத்த நாய்க்கு அந்த ஊசி தேவையில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு வேறு, இரண்டும் வேண்டும்.