சமமில்லாத அலை



நீ அனுப்பிய வாய்ப்பாட்டுப் பதிவில் அலை கோட்டுக்கு மேலே நெடிதாகவும் கீழே குட்டையாகவும் நிற்பதைப் பார்த்து, கருவியில் டி.சி. ஆஃப்செட் (அலை முழுவதும் பூஜ்யக் கோட்டை விட்டு விலகி நிற்கும் கோளாறு) புகுந்துவிட்டதென்று யாரோ சொன்னதாகவும், அதை நீக்கும் கட்டளையை எத்தனை தரம் கொடுத்தும் படம் மாறவில்லை என்றும் எழுதியிருந்தாய். நீக்குவதற்கு அங்கே ஏதாவது இருந்தால்தானே மாறும்!

அலை என்றால் இரு புறமும் ஒரே உயரமாக இருந்தே தீரவேண்டும் என்ற அபிப்பிராயம், பாடப் புத்தகங்களில் சைன் அலையை மட்டுமே வரைந்து காட்டியதால் வந்த தோஷம். சமமாக இருக்கவேண்டியது பரப்பு. மேலே உயர்ந்து குறுகியும் கீழே தாழ்ந்து அகன்றும் இருக்கும் அலைக்குச் சராசரி பூஜ்யமே. குரல் நாண்கள் மெல்லத் திறந்து சட்டென்று மூடுகிறவை. அவற்றிலிருந்து பிறக்கும் ஒலி இரு புறமும் ஒத்திருக்க நியாயமில்லை.

இதற்கு வயலினைக் காட்டிலும் தெளிவான பிரமாணம் எனக்குத் தெரியாது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் விவரித்ததும், 1918-இல் நம் சி. வி. ராமன் கல்கத்தாவில் ஒரு தனி நிபந்தமாகவே விரித்து எழுதியதும் வில் படும் தந்தியின் அசைவைத்தான். ராமன் என்றால் ஒளிச்சிதறலோடு நிறுத்திக்கொள்ளும் நம்மவர்கள் அந்த நிபந்தத்தைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. வில்லின் மயிர் தந்தியைப் பற்றிக்கொண்டு தன் வேகத்திலேயே சிறிது தூரம் இழுத்துச் செல்கிறது. பிடி விட்டதும் தந்தி எதிர்த்திசையில் வழுக்கிப் பாய்ந்து, மறுபடி அகப்பட்டுக்கொள்கிறது. தந்தியைத் தாங்கும் குதிரையிலிருந்து அதன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி வில்லைப் போட்டால், ஒவ்வோர் அதிர்விலும் பத்தில் ஒன்பது பங்கு காலம் இழுபடுகிறது, ஒரு பங்கு காலமே வழுக்குகிறது. ஆகவே வழுக்கும் வேகம் இழுபடும் வேகத்தைப்போல் ஒன்பது மடங்கு. உலோகத் தந்தியில் வில் படும் இடத்தருகே ஒரு காந்தத்தை வைத்து, தந்தியின் இரு முனைகளுக்கிடையே எழும் மின்னழுத்தத்தைப் பதிந்தால், ஒரு புறம் நீண்ட தாழ்ந்த மேடையும் மறுபுறம் குறுகிய நெட்டைச் சிகரமும் பிரத்தியட்சமாகத் தெரியும். தந்தி வில்லோடு ஊர்வலம் போய்விடுவதில்லையாகையால் சராசரி பூஜ்யம். வில்லின் போக்கைத் திருப்பினாலோ சிகரமும் மறுபுறத்துக்கு மாறிவிடும்! எந்தக் கருவிக் கோளாறு வில்லின் திசையறிந்து புரளும்?

மெய்யான ஆஃப்செட், ஒலியோடு சம்பந்தமில்லாமல், மலிவான ஒலி அட்டையின் மின்சுற்றிலிருந்து வருவது. பாடுபவர் வாய் திறக்காத மௌனத்திலும் கோடு பூஜ்யத்தை விட்டு விலகியே நிற்கும். வெட்டி ஒட்டும் இடங்களில் ‘டிக்’கென்று கேட்கும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் கழிக்கும் வடிகட்டி அதற்குப் போதும்.

ஏ.எம். வானொலிக்காரர்களுக்கோ சமமின்மை ஒரு லாபம். கீழ்நோக்கிய பண்பேற்றம் நூறு சதவீதத்தைத் தாண்டினால் ஊர்தி அலையே அறுந்துபோகும். மேல்நோக்கி அமெரிக்காவில் 125 சதவீதம் வரை அனுமதி உண்டு. ஆகவே அறிவிப்பாளரின் மைக் கம்பிகளை மாற்றிப் போட்டாவது நெட்டைப் புறத்தை மேலே திருப்பிக்கொள்வார்கள்.

நீயோ லிமிட்டர் போட்டு மேற்சிகரங்களைத் தட்டிக் குட்டையாக்கியிருக்கிறாய். பாட்டின் உயிர்ப்பு அதில்தான் போயிற்று. அதை எடுத்துவிட்டு மூலப்பதிவை அனுப்பு. பாட்டு தொடங்குமுன் உள்ள மௌனத்தை வெட்டிவிடாதே. ஆஃப்செட் உண்டா இல்லையா என்று நான் பார்க்கவேண்டியது அங்கேதான்.